தொட்டுப் பார்க்க வேண்டும்

போனைக் கீழே வைத்த ஷெட் முதலாளியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்ன அத்தான்?" என்றான் மச்சான். மனைவியின் தம்பி. ஷெட்டின் கணக்குப்பிள்ளையும் அவன்தான், கூட்டுக்களவாணியும் அவன்தான்.

"மார்க்கப்படி வங்கிகளுக்கு எது கூடும், எது கூடாதுன்னு சொல்ற ஆலிம் பேசினாரு. வியாழக்கிழமை வர்றாராம். நம்ம அலுமினியத்தைத் தொட்டுப் பாக்கணுமாம்."

"தொட்டா? இத்தனை வருஷத்துல எவனும் எட்டிக்கூடப் பாத்ததில்லையே!"

அதுதான் அந்தத் தொழிலின் அழகு. இஸ்லாமிய முறைப்படி வட்டி வாங்கக் கூடாது, கொடுக்கக் கூடாது என்று இருப்பவர்களுக்காக உலகத்துப் பெரிய வங்கிகளெல்லாம் வட்டியில்லாப் பிரிவு திறந்து வைத்திருந்தன. உங்களுக்குப் பணம் வேண்டுமா? வங்கி கடன் தராது. அலுமினியம் வாங்கி, கொஞ்சம் விலை கூட்டி, உங்களுக்குத் தவணையில் விற்கும். அடுத்த நிமிடமே அதை நீங்கள் வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுவிட்டுப் பணத்தோடு வீட்டுக்குப் போகலாம். எல்லாம் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடும். அலுமினியம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையாது.

இருந்த இடம், இந்த ஏழாம் நம்பர் ஷெட்.

காலையில் ஒரு நாட்டு வங்கிக்குச் சொந்தமான சரக்கு, மதியம் இன்னொரு நாட்டு வங்கிக்குப் போகும். சாயங்காலம் யாரோ ஒருவர் கடை வைக்க உதவும். யாரும் எடுக்க வராத பொருளுக்கு வாடகை வாங்கிக் காவல் காத்த முதலாளிக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. சத்தமில்லாமல் லாரி லாரியாக எல்லாவற்றையும் நிஜமாகவே விற்றுவிட்டார். மாடி வீடு எழும்பியது. ஷெட்டில் புறாக்கள் குடியேறின. கம்ப்யூட்டரில் விற்பனை மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

"மாட்டினா ரெண்டு பேருக்கும் ஜெயில்தான் அத்தான்."

"வாயைக் கழுவுடா. வியாழனுக்குள்ள ஷெட்டை நிரப்பிடணும். அவர் தொட்டுப் பாத்துட்டுப் போனதும் திரும்ப வித்துட்டு, வாங்கின பணத்தை அடைச்சிடலாம்."

"வாங்கறதுக்குப் பணம்?"

"உங்க அக்கா பேர்ல வீடு எதுக்கு இருக்கு?"

மறுநாளே ஒரு வங்கியின் வட்டியில்லாப் பிரிவு அதிகாரி லேப்டாப்போடு வந்து, ஷெட்டை ஒட்டிய அந்தச் சின்ன ஆபீஸில் உட்கார்ந்தார். முதல் வேலையாக வீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாங்க கடன் குடுக்கறதில்லைங்க. இது வியாபாரம். இப்ப உங்களுக்கு அலுமினியம் விக்கிறோம்."

"அது எங்க இருக்கு சார்?" என்று மச்சான் வாயை விட்டான். முதலாளி அவன் காலை மிதித்தார்.

"எங்கயோ ஒரு ஷெட்லங்க. உலகத்துலயே பத்திரமான இடம்னு எங்க ஆளுங்க சொல்றாங்க."

அதிகாரி சாய்ந்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு புறா படபடவென்று சிறகடித்தது.

டீ ஆறுவதற்குள் பணம் வந்துவிட்டது. அவர் போனதும் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியாடா? இல்லாத அலுமினியத்தை என்கிட்டயே வித்துட்டுப் போறான். இவனுங்களை நாம ஏமாத்தலடா, வரிசைல நின்னு ஏமாறுறானுங்க."

சில்லறை வியாபாரிகளிடம் வாங்கினால் விஷயம் வெளியே கசியும். அதனால் துறைமுகத்தில் இருக்கும் பெரிய உலோகக் கம்பெனிக்கே போன் போட்டார். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டிவிட்டார்.

"வியாழக்கிழமை காலைல சரக்கு ஏழாம் நம்பர் ஷெட்ல இருக்கணும்."

"கண்டிப்பா இருக்கும் சார்," என்றார் கம்பெனி மேனேஜர். "அதுக்கு நான் பொறுப்பு."

"லாரி வாடகைகூடக் கேக்கல அத்தான்," என்று மச்சான் ஆச்சரியப்பட்டான்.

"பெரிய கம்பெனி அப்படித்தான்டா இருக்கும். கத்துக்கோ."

வியாழக்கிழமை காலை. சுமை இறக்கும் ஆட்கள் வந்து பீடி பற்ற வைத்துக் காத்திருந்தார்கள். வாடகைக்கு எடுத்த தூக்கு வண்டியும் தயாராக நின்றது. லாரியைத்தான் காணோம். வெயில் ஏற ஏற முதலாளி வாசலுக்கும் ஷெட்டுக்குமாக நடந்தார். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தார். ஆலிமின் கார்.

"சிரமம் குடுக்கறேன், தப்பா நினைக்காதீங்க," என்று இறங்கியபடியே சொன்னார் ஆலிம். "வங்கிக்காரங்ககிட்ட கேட்டா பேப்பரைத்தான் காட்டுறாங்க. பொருள் இருந்தாத்தானே வியாபாரம்? கையால ஒரு தடவை தொட்டுட்டா எனக்கு மனசு ஆறிடும்."

"அதுக்கென்னங்க, தாராளமா! முதல்ல ஒரு டீ..."

"டீ அப்புறம் ஆகட்டும்."

அவர் நேராக ஷெட் கதவருகே போய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்.

சாவி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு முதலாளி ஆபீஸுக்குள் ஓடினார். கம்பெனி மேனேஜரின் நம்பரை அழுத்தினார். "யோவ், லாரியெல்லாம் எங்கய்யா? எந்த இடத்துல வருது?"

மறுமுனையில் மேனேஜர் ஒரு கணம் குழம்பி, பிறகு பெருமையோடு சொன்னார்:

"லாரி எதுக்கு சார்? நீங்க காசு குடுத்து வாங்கின அலுமினியம் மொத்தமும் மூணு வருஷமா உங்க ஏழாம் நம்பர் ஷெட்லயேதானே பத்திரமா இருக்கு!"