இரண்டு அடுப்பு

“பொண்டாட்டியப் பக்கத்து வீட்டுல குடிவச்ச ஆம்பள இந்த மலையிலயே நீ ஒருத்தன்தான்யா” என்று மருதி நஞ்சனின் இலையில் களியை வைத்தாள்.

“அதுக்குத்தான் சாப்பாட்டுக்கு மட்டும் வந்துடறேனே” என்றான் அவன்.

மற்றவர்களெல்லாம் சமவெளிக் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். தினமும் இரண்டு வீட்டிலாவது அடுப்புப் புகைவதைச் செயற்கைக்கோள் பார்த்தால்தான் தேன்பாறை ஒரு ஊர். இல்லையென்றால் மிச்சமிருப்பவர்களைக் கீழே இறக்கிவிட்டு, காட்டைச் சுற்றி வேலி போட்டுவிடுவார்கள். அதனால்தான் அவர்கள் ஆளுக்கொரு வீட்டில் அடுப்பு மூட்டினார்கள்.

அன்று மாலை காய்ச்சலில் படுத்த மருதி பிறகு எழவேயில்லை. நஞ்சன் தனியாளாகக் குழி தோண்டி அவளைப் பலாமரத்தடியில் அடக்கம் செய்தான்.

இழவு வீட்டில் மூன்று நாள் தீ மூட்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மூட்டாவிட்டால் அவனைக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். அவள் மட்டும் வேலிக்குள் கிடப்பாள்.

“கோவிச்சுக்காத புள்ள” என்று சொல்லி, அவள் அடுப்பிலும் தீ வைத்தான். மேலே பானை எதையும் ஏற்றவில்லை. விறகு சும்மா எரிந்து கூரை வழியே புகைந்தது.

அன்றைய செயற்கைக்கோள் வரைபடத்திலும் தேன்பாறை இருந்தது. குடியிருப்போர் இரண்டு பேர்.