முள் ஏறிய கழுதையும் ரெண்டு வேட்பாளரும்

காட்டிலே தேர்தல் வந்தது. குரங்கும் நரியும் வேட்பாளர்கள். ஓட்டுக் கேட்கப் போக ரெண்டுக்கும் ஒரே கழுதைதான் வாகனம். முன்னங்காலில் முள் ஏறி, பாவம், அது நொண்டி நொண்டி நடந்தது.

முதுகின் மேலே ஒரே வாய்ச்சண்டை.

"நான் ஜெயிச்சா மரத்துக்கு மரம் ஆஸ்பத்திரி" என்றது குரங்கு.

"அதுக்குக் கரண்டு உங்க பாட்டனா குடுப்பான்? நான் பொந்துக்குப் பொந்து கரண்டு இழுப்பேன்" என்றது நரி.

"புல்லு விக்கிற விலையில லைட்டு ஒண்ணுதான் குறைச்சல்! நான் பாதி விலைக்குப் புல்லு தருவேன்."

கழுதை நின்றது. "சாமிகளா, ஒருத்தருக்குக் கை இருக்கு, ஒருத்தருக்குப் பல்லு இருக்கு. யாராவது இறங்கி இந்த முள்ளைப் பிடுங்கி விடுங்களேன். வலி உசுரு போகுது."

"நான் இறங்கினா என் இடத்தை நரி பிடிச்சுக்குமே!" என்றது குரங்கு.

"முதல்ல குரங்கு இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றது நரி.

கழுதை அப்படியே மண்ணில் படுத்துப் புரண்டது. ரெண்டும் தொப்பென்று விழுந்தன. அது தன் பல்லாலேயே முள்ளைக் கடித்துப் பிடுங்கிவிட்டு எழுந்து நின்றது.

உடனே ரெண்டும் அதன் வாலுக்குப் பின்னால் வந்து நின்றன. "முள் எடுத்தது என் திட்டம்!" என்றது குரங்கு. "போடா, அது என் சாதனை!" என்றது நரி.

கழுதை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னங்கால் ரெண்டு இருந்தது. நல்ல வேளையாக வேட்பாளரும் ரெண்டு பேர்தான்.