சிவப்புக்கல்

கைபேசி விளையாட்டில் பூங்கொடி ஆடிய மந்திரவாதினி பனிநாகத்திடம் மூன்று முறை செத்துப்போனாள். அடிக்க வேண்டிய நேரத்தில் பூங்கொடி பயந்து பின்வாங்குகிறாள் என்று விளையாட்டே கண்டுபிடித்துச் சொன்னது. மந்திரக்கோலில் பதிக்க இரண்டு கற்களையும் காட்டியது. நீலக்கல்லுக்கு ஒரு மாதத் தூக்கத்தைத் தர வேண்டும். சிவப்புக்கல்லுக்குப் பயத்தைத் தர வேண்டும். கொடுத்தால் திரும்பக் கிடைக்காது.

"தூக்கமில்லாம முடியாதுங்க. பயந்தானே, போனாப் போகட்டும்" என்றாள் கணவனிடம். மருதாசலம் சிரித்தான்.

அன்றைக்கே நாகம் செத்தது.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தவன் தெருவிலிருந்தே பார்த்தான். நான்காம் மாடி பால்கனியில் இரண்டு வயது மகள் யாழி நாற்காலிமேல் ஏறி, கம்பிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே பூங்கொடி துணி மடித்துக்கொண்டு நின்றாள்.

கத்திக்கொண்டே படியேறி ஓடிக் குழந்தையை வாரி எடுத்தான்.

"உனக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க. விழுந்துருவாளோன்னுதான் தோணல. ஏனுங்க இப்படிக் கத்துறீங்க?"

"அந்தக் கல்லை எடுத்துப் போடு, பூங்கொடி. இப்பவே!"

"அது வராதுங்க. மத்தியானம் இன்னொரு கல்லும் பதிச்சுட்டேன். அதுக்குப் பாசம் கேட்டுது. பயம் இருந்தாத்தானே வேண்டாம்னு சொல்ல? எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

யாழி அழுதுகொண்டே அம்மாவிடம் கைகளை நீட்டினாள். பூங்கொடி அடுத்த துணியை எடுத்து உதறினாள்.