கிளச் இல்லாத கார்

“கிளச் இல்லையெண்டா கியரை எப்பிடித் தம்பி மாத்துறது?”

வீரகத்தி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். கிளிநொச்சிக் கடைத்தெருவில் இருந்த அந்தத் தொலைபேசிக் கடைக்கு மாலை ஐந்தரைக்கு அழைப்பு எடுப்பதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தான். சொன்ன நேரத்துக்கு எடுத்துவிட்டான்.

“மாத்தத் தேவையில்லை மாமா, ஓட்டோ கியர். போட்டுவிட்டா அதுபாட்டுக்கு ஓடும். இடது காலுக்கு வேலையே இல்லை,” என்றான் குகதாசன், றொரன்ரோவிலிருந்து.

வீரகத்தியின் கை தன்பாட்டில் இடது முழங்காலுக்குப் போனது. முப்பது வருடம் வாடகைக் கார் ஓடிய மனிதர். கிளச்சை மிதித்து மிதித்தே அந்த முழங்கால் தேய்ந்திருந்தது.

பின்னால் மர வாங்கில் மகள் பிரஷாந்தினி உட்கார்ந்திருந்தாள். முரசுமோட்டையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

“கதையுங்கோ அப்பா. ஆனா இண்டைக்கு வாக்குக் குடுத்திடாதேங்கோ.”

அவள் மனதில் லக்ஷன் இருந்தான். பரந்தனுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் பயணிகள் வான் ஓடுகிறவன். போன மாதம் தாயைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தான். வீரகத்தி தேநீர்கூடக் கொடுக்காமல் இருவரையும் அனுப்பிவிட்டார்.

“ஸ்ரியரிங் பிடிக்கிறவனுக்கு என்ர பிள்ளை இல்லை,” என்று முற்றத்தில் வைத்தே சொன்னார். “என்ர மனுசி இருபத்தேழு வருசமாச் சோத்துக் கோப்பையை மூடிவைச்சுக்கொண்டு காத்திருக்கிறா. நான் எந்த நேரம் வருவனெண்டு எனக்கே தெரியாது. அந்தச் சீவியம் எங்களோட முடியட்டும்.”

சண்டை நின்று பாதை திறந்த பிறகு வெளிநாட்டுச் சம்பந்தங்கள் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தன. அந்தக் கிழமையே குகதாசனின் சின்னம்மா கமலாசனி படத்தோடு வந்தார். படத்தில் பிள்ளை கோட்டுப் போட்டிருந்தான்.

“பாங்கில கணக்குப் பகுதி. பின்னேரம் அஞ்சு மணியெண்டா வீட்டை நிப்பான்,” என்றார் கமலாசனி. அந்த ஐந்து மணியில் வீரகத்தி விழுந்துபோனார்.

“உங்கட வேலைக்கு இடைஞ்சலோ தம்பி?” என்று இப்போது கேட்டார்.

“சீச்சீ. பாங்குக்கு முன்னாலதான் காருக்குள்ள இருக்கிறன். இங்க காலமை ஆறரை, பனி கொட்டுது. நீங்கள் கதையுங்கோ.”

வாசல் திறக்க முதலே போய் நிற்கிற பிள்ளை என்று வீரகத்திக்குப் பெருமையாக இருந்தது.

“உங்கட கார் ஏதோ ஹைபிரிட்டெண்டு சின்னம்மா சொன்னவா. அதென்ன கதை?”

“ரெண்டு சக்தியில ஓடுறது மாமா. மெல்லப் போகேக்க பற்றரி இழுக்கும். வேகம் எடுக்கேக்க பெற்றோல் எஞ்சின் வந்து கைகுடுக்கும். சிக்னலில நிண்டா எஞ்சின் தானா நிண்டிடும்.”

வீரகத்தி சிரித்தார். “நாங்கள் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்திலேயே ரெண்டில ஓடினனாங்கள். என்ர பழைய ஒஸ்ரின் காருக்கு ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவன். பிறகு முழுக்க மண்ணெண்ணெய்தான். பின்னால சைக்கிளில வாறவனுக்கு என்ர முகமே தெரியாது, அவ்வளவு புகை.”

“அப்ப நீங்கள்தான் மாமா முதல் ஆள்.”

“இழுவை எப்பிடி?”

“சீறிக்கொண்டு போகாது. ஹைவேயில பெரிய மிச்சமும் இல்லை. ரவுணுக்குள்ளதான் லாபம், மற்றக் கார் குடிக்கிறதில பாதிதான் குடிக்கும்.”

“பிரேக்?”

“காலை வைச்ச உடன மோட்டரே காரைப் பிடிக்கும், அந்த நேரம் பற்றரிக்கும் சார்ஜ் ஏறும். பிரேக் பாட் தேயிறதே குறைவு. ஒண்டரை வருசத்துக்கு முன்னம் புதுசா எடுத்தனான். ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீற்றர் ஓடியாச்சு, பாட் இன்னும் மாத்தேல்லை.”

வீரகத்தி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரேக் மாற்றுகிறவர், அதுவும் சாமான் வவுனியாவிலிருந்து வரவேண்டும். இப்படியும் ஒரு பிரேக்கா என்று யோசித்ததில் வேறெதுவும் அவர் தலைக்குள் ஏறவில்லை.

காரை இப்படி அணுவணுவாக அறிந்து வைத்திருப்பவன் பெண்டாட்டியையும் பத்திரமாக வைத்திருப்பான். வாழ்க்கை முழுவதும் மனிதர்களை அவர் அப்படித்தான் அளந்திருக்கிறார்.

திரும்பி மகளைப் பார்த்தார். அவள் தலையை மெல்ல இரண்டு பக்கமும் ஆட்டினாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“தம்பி, எனக்கு முழுச் சம்மதம். பங்குனியில கலியாண எழுத்தை வைப்பம். இது என்ர வாக்கு.”

வாங்கு கிறீச்சிட்டது. பிரஷாந்தினி எழுந்து வெளியே போனாள். அப்பா கொடுத்த வாக்கிலிருந்து மாறி அவள் கண்டதில்லை. தெருவில் நின்று, புழுதி கிளப்பிப் போகிற வாகனங்களைப் பாராமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரிய சந்தோசம் மாமா,” என்றான் குகதாசன். “நான் அவவை ஒரு குறையும் இல்லாமல்...”

அந்தப் பக்கத்தில் கார்க் கதவு திறந்து அடிபடும் சத்தம் கேட்டது. யாரோ ஆங்கிலத்தில் அவசரமாக ஏதோ சொன்னார்கள். வீரகத்திக்கு அதில் ‘எயார்போட்’ என்ற ஒரு சொல்தான் விளங்கியது.

“பிறகு எடுக்கிறன் மாமா, ஓட்டத்துக்கு ஆள் ஏறீற்றுது.”