பேட்டரித் தண்ணீர்

மூன்றாவது முறையும் அதே இடத்தில்தான் நின்றது. இருநூற்றுப் பதினோராவது ஃபிரேம்.

திரையில் பாதி வரைந்த தங்க எழுத்து ஒன்று அசையாமல் கிடந்தது.

ஹம்சா கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே விரலை வைத்தாள். பிராசஸர் மேல் இருந்த அலுமினியக் கட்டி தோசைக்கல்லாகச் சுட்டது.

மே மாதம். மொட்டை மாடி. தகரக் கூரை. மணி பன்னிரண்டரை.

பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் இருந்த அந்தக் கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்கு ஏசி உண்டு. கீழே, வாடிக்கையாளர்கள் உட்காரும் இடத்தில். டைட்டில் போடும் கம்ப்யூட்டரும் அதைப் போடுகிற ஹம்சாவும் மூன்று வருஷமாக மாடியில்தான்.

பூ உதிர்வது, இதயம் சுற்றுவது எல்லாம் எந்த வெயிலிலும் ஓடிவிடும். இந்த டைட்டில் அப்படியில்லை. பெண் வீட்டார் கேட்டது பளபளக்கும் தங்க எழுத்துகள், அவற்றின் பிம்பம் கீழே குளத்தில் ஆட வேண்டும். ஒரு ஃபிரேமை வரைய மெஷினுக்கு ஒரு நிமிஷம். மொத்தம் நானூறு.

முதலாளி அக்பர் பாஷா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

“வுட்டுரும்மா. இந்த ஒண்ண மட்டும் வெளிய குடுத்து வாங்கிக்கலாம். இல்லாங்காட்டி மெஷின கீழ ஏசி ரூம்ல வெச்சிக்கோ.”

மூன்று வருஷமாகக் கேட்டும் கிடைக்காத ஏசி.

“வேண்டாம் பாய். சூட்டுலதான் நிக்கறது. சூட்டை எடுத்துட்டா ஓடும்.”

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கேமராமேன் ஹனீஃபாவும் நம்பவில்லை. மெஷின் தானாக நிற்கவில்லை, அவள்தான் நிறுத்துகிறாள் என்று கீழே பேசிக்கொண்டது அவள் காதுக்கும் வந்திருந்தது.

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள்.

எங்கோ அமெரிக்காவில் ஒருவன் சூடு தணிய தன் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் விட்ட கதையைப் பிரவுசிங் சென்டரில் படித்து, கையால் குறிப்பெடுத்து வைத்திருந்தாள். அவன் சொன்ன சாமான் எதுவும் இந்த ஊரில் கிடைக்காது. அதனால் என்ன? லஸ் கார்னரில் மீன்தொட்டி மோட்டார் கிடைக்கும். கொத்தனார் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய் எந்த ஹார்டுவேர் கடையிலும் இருக்கும். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் பழைய ஏசியின் சுருள்குழாய் ஒன்று குப்பையில் கிடக்கிறது. அதன் மேல் காற்றடிக்க டேபிள் ஃபேன். பிராசஸர் மேல் உட்கார ஒரு சின்னச் செம்புப் பெட்டி, உள்ளே தண்ணீர் போக ஒரு வாய், வர ஒரு வாய்.

படத்தைப் பார்த்த மெக்கானிக், இதைப் போட்ட சார் யார் என்று கேட்டான். நான்தான் என்றாள். அவன் செம்புத் தகட்டை எடுத்து வெட்டினான்.

அக்பர் பாஷாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“குடிக்கவே லாரித் தண்ணிக்கு கொடத்த வெச்சிக்கினு நிக்கிறோம். நீ பொட்டிக்குத் தண்ணி காட்றியா?”

“பேட்டரித் தண்ணி பாய். ரெண்டு லிட்டர். வாங்கியாச்சு.”

“சரி, ராவுல ஓட வுடேன். வெயிலு இருக்காதே?”

“மத்தியானம்தான் ஓடணும். எல்லாரும் பார்க்கற நேரத்துல.”

அவர் படியிறங்கிப் போனார்.

சனிக்கிழமை முழுக்க, மெஷினில் மாட்டாமல், வெளியே வைத்தே மோட்டாரை ஓடவிட்டாள். அடியில் விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. திங்கட்கிழமை காலை செம்புப் பெட்டியைப் பிராசஸர் மேல் அழுத்தித் திருகினாள். சரியாக ஒன்பதுக்கு முதல் ஃபிரேம் தொடங்கியது.

பன்னிரண்டு மணிக்கு ஹனீஃபா மேலே வந்தான். பின்னாலேயே அக்பர் பாஷா. தகரம் வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குழாயில் ஒரு காற்றுக்குமிழி சுற்றிச் சுற்றி வந்தது.

இருநூற்றுப் பத்து.

இருநூற்றுப் பதினொன்று.

மோட்டார் முனகியது.

இருநூற்றுப் பன்னிரண்டு.

ஹனீஃபா சத்தமாக மூச்சு விட்டான். ஹம்சா திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிடவும் போகவில்லை. நானூறும் முடிந்தபோது மணி நாலாக இருபது நிமிஷம். செம்பைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

முதலிலிருந்து ஓடவிட்டாள்.

குளத்திலிருந்து தங்க எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. முதலில் பெண்ணின் பெயர். வைஜயந்தி. பிறகு, இதுவரை ஒருமுறைகூட முழுசாக வராமல் நின்றுபோன மாப்பிள்ளையின் பெயர்.

ஸ்ரீவத்சன்.

போன ஆவணியில் குடும்ப நீதிமன்றம் பிரித்துவிடும்வரை, ரேஷன் கார்டில் ஹம்சாவின் பெயருக்கு மேலே இருந்த பெயர்.

அக்பர் பாஷா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தகரக் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

ஹம்சா படத்தை நிறுத்தி, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

பிழை இல்லை.

“கேசட்ல ஏத்திடலாம் பாய்.”