தொட்டவனுக்கே பெண்

கிரிஸ்புலோவின் மகள் எர்லிண்டாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் யாரும் இரண்டாம் முறை ஒலாங்கோ தீவில் கால் வைத்ததில்லை. காரணம், சாப்பாட்டு மேசை நடுவே, பேசின் நிறையக் கடல்நீரில் கிடந்த கூம்பு நத்தை.

"கொட்டுச்சுன்னா ஒரு சிகரெட் முடியறதுக்குள்ள ஆள் காலி. அதக் கையில எடுக்கறவனுக்குத்தான் என் பொண்ணு" என்றார் கிரிஸ்புலோ, தேங்காய்ப்பால் குழம்பை உறிஞ்சியபடி. "எர்லி, இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. கறி ரப்பர் மாதிரி இழுத்தாலும் ருசி அபாரம்!"

இன்று பெண் கேட்டு வந்து எதிரே உட்கார்ந்திருந்த, வாடகை ட்ரைசைக்கிள் ஓட்டும் ரொடெலுக்கு வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

"மாமா, வேணும்னா விறகு வெட்டட்டுமா? தண்ணி தூக்கட்டுமா?"

"அதுக்கு எருமை போதும். எனக்கு மாப்பிள்ளை வேணும்."

ரொடெல் சிலுவை போட்டுக்கொண்டான். கண்ணை இறுக மூடி, பேசினுக்குள் கையை விட்டு, நத்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

கிரிஸ்புலோ துள்ளி எழுந்தார். "மாப்பிள்ளை! ஞாயித்துக்கிழமையே பாதிரியாரப் பார்த்துடறேன்! அத மெதுவா கீழ வைங்க..."

ரொடெலின் கையிலிருந்து நழுவி நத்தை மேசையில் விழுந்து உருண்டது. உள்ளே ஒன்றுமில்லை. வெறும் ஓடு.

"எங்கடி உள்ள இருந்தது?"

"காலையிலேயே வேகவச்சு உருவிட்டேன்ப்பா, வெந்தா விஷம் போயிடுமே. இவருக்குத் தெரியாது. இவர் உசிரு எனக்கு வேணுமே!"

"அப்போ செல்லாது! நத்தையத் தொட்டவனுக்குத்தான் பொண்ணு. இவன் எங்க தொட்டான்?"

"வெறும் ஓடுன்னு தெரியாமத்தானே இவரு துணிஞ்சு எடுத்தாரு. நத்தையத்தான் நீங்க குழம்புல மென்னு முழுங்கிட்டீங்களே, அப்புறம் இவரு எங்க தொடறது!" எர்லிண்டா கரண்டியை எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தவாப்பா?"