ஐந்தே நிமிஷம்

“கடைசியா ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன், அஞ்சே நிமிஷம். நானா வெளிய வர்ற வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்து மரக்கொட்டகைக்குள் போன என் வீட்டுக்காரர், ஒரு மணி நேரமாகியும் வெளியே வரவில்லை.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவரே தன் கையால் கட்டிய கொட்டகை. அதைப் பிரித்துவிட்டுப் புதுசு போட, இரண்டு நாள் மழை விட்டு இன்றைக்குத்தான் தச்சர் கிடைத்திருந்தார். அவர் சும்மா நிற்காமல் புதுப் பலகைகளை மெஷினில் அறுத்துக்கொண்டிருந்தார். காது கிழிந்தது.

“உள்ள என்னம்மா பண்றார்?” தச்சர் மெஷினை மீறிக் கத்தினார்.

“பலகை பலகையாத் தட்டிக் கொடுத்துட்டிருக்கார். கட்டின பொண்டாட்டிய ஒரு நாள் தட்டிக் கொடுத்திருப்பாரா?”

ஜன்னல் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது. இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினார்.

“நம்மளப் போகச் சொல்றார் பாருங்கம்மா. இன்னும் ஆசை தீரல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்காகத் தச்சர் மெஷினை நிறுத்தினார். அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“கதவு சிக்கிக்கிச்சுடீ!”

தச்சர் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். வியர்வையில் குளித்து வந்து நின்றவரிடம் கேட்டேன்.

“மழை பெஞ்சா இந்தக் கதவு இறுகுதுன்னு நான் புலம்பினப்பெல்லாம், ‘லேசாத் தூக்கித் தள்ளணும், உனக்குக் கைப்பக்குவம் பத்தல’ம்பீங்களே?”

தச்சரிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கி, முதல் அடியை அவரே போட்டார். அந்தக் கதவின் மேல்தான்.